எந்தப் பட்டம்?

“இருபத்திமூணு வருஷம் படிச்சேன். இப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை படிக்கிறதுதான். நான் என்ன பண்ணட்டும்?”

விதைக்கடைக்காரி நிமிரவில்லை. மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு எதையோ துழாவிக்கொண்டே கேட்டாள்:

“எந்தப் பட்டம்?”

சங்கிலி மூச்சை இழுத்துக்கொண்டான். இது அவனுக்கு மனப்பாடம்.

“பி.எஸ்சி. தாவரவியல். அப்புறம் எம்.எஸ்சி. அப்புறம் எம்.ஃபில். கடைசியா பி.எச்டி.”

கடையில் நின்ற நாலைந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பில் கடையே குலுங்கியது.

“ஏத்தா, தம்பிக்கு எல்லாப் பட்டமும் இருக்கு. காடு கழனிதான் இல்ல!” என்றார் தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயச் சம்சாரி.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

“ஆடிப் பட்டமா, தைப் பட்டமான்னு கேட்டேன் சார். இங்க பட்டம்னா விதைக்கிற காலம். நீங்க வாங்குன பட்டத்தை நான் எந்த மூட்டையில போட?”

அவள் பெயர் அங்காளி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் அவளை விட்டதா, அவள் பள்ளிக்கூடத்தை விட்டாளா என்பது இன்றைக்கும் வழக்கில் இருக்கிறது. சந்தை கலைந்த பிறகு தரையில் சிந்திக் கிடக்கும் விதைகளைக் கூட்டிப் பொறுக்கி, இனம் பிரித்து, அதையே விற்றுத் தொடங்கியவள். இப்போது கடை சொந்தம்.

சந்தைக்கு வருகிறவர்கள் அவளிடம் விதை வாங்குவார்கள். வாங்கிய கையோடு, கிணற்றை ஆழப்படுத்துவதா, மகளை அந்த ஊரில் கொடுப்பதா என்றும் கேட்பார்கள். பதில் கிடைக்கும். கூடவே நாலு வசவும் கிடைக்கும். வசவுக்கு விலை கிடையாது.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் சங்கிலியும் பஸ் ஏறி வந்திருந்தான். கக்கத்தில் ஒரு ஃபைல்.

“காலேஜ்ல வேலை கேட்டா அனுபவம் இல்லைங்கறாங்க. மாவு மில்லுல கேட்டா படிப்பு ஜாஸ்திங்கறாங்க. ஒரு இடத்துல வாட்ச்மேன் வேலைக்குப் போனேன். ‘சார், நீங்க உக்காருங்க’ன்னு எனக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க.”

“டீ நல்லாருந்துச்சா?”

“வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணியோட பி.எட். சேரக் கடைசி. விண்ணப்பம் போட்டுட்டேன். போய்ச் சேர்றதா? இல்ல, இந்த ஃபைலைக் கொண்டுபோய் ஆத்துல வீசுறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க அக்கா.”

“அக்காவா? உங்க வயசென்ன?”

“முப்பத்தினாலு.”

“எனக்கு இருபத்தொம்பது. என்னையக் கெழவியாக்கினாத்தான் உங்களுக்குப் புத்தி கேக்க வருமோ?”

அவள் ஃபைலை வாங்கினாள். திறக்கவில்லை. தராசில் வைத்தாள். படிக்கல்லை மாற்றி மாற்றிப் போட்டாள்.

“ஒண்ணே கால் கிலோ. தோலு நல்ல கனம்” என்றாள். “உள்ள பருப்பு இருக்கா?”

சங்கிலியின் காது சிவந்துவிட்டது. ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பான். அதற்குள் தலைப்பாகைக்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

“தம்பி பஞ்சாயத்து அப்புறம். என் பஞ்சாயத்து என்னாச்சு? கோடையில உன்கிட்டத்தான கொழுஞ்சி வாங்குனேன்? ரெண்டு ஏக்கர். ஒத்த முளை உண்டா? பூராவும் சொத்தை!”

அவர் பெயர் வெள்ளைக்கண்ணு. பக்கத்து ஊர்க்காரர். பச்சையாக மடக்கி உழுதால் நிலத்துக்கு உரமாகும் செடி கொழுஞ்சி. அதன் விதை எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, கல்லைவிடக் கொஞ்சம் கெட்டி.

“சொத்தையா? என் கடையிலயா?” அங்காளி வெளியே வந்துவிட்டாள். “மணல்ல போட்டுத் தேய்ச்சு விதைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தேய்ச்சீங்களா?”

“அம்புட்டு விதையையும் எவன் தேய்ப்பான்?”

“அப்ப விதைக்கும் அதே சோம்பேறித்தனம் இருக்காதா?”

கடை மறுபடி சிரித்தது. சங்கிலி மட்டும் சிரிக்கவில்லை. கொழுஞ்சி என்ற சொல் காதில் விழுந்ததும், தெரிந்தவர் யாரோ கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல அவன் திரும்பினான்.

அங்காளி அதைப் பார்த்தாள்.

ஒரு கல்லை அவன் முன்னால் இழுத்துப் போட்டாள். கல்லில் ஒரு பிடி மணல். அதன் மேல் ஒரு பிடி கொழுஞ்சி.

“தேயுங்க.”

“நான் கேட்டதுக்குப் பதில்?”

“வெள்ளிக்கிழமை கேளுங்க. இப்பத் தேயுங்க.”

அவன் தேய்த்தான். உள்ளங்கை எரிந்தது. விதை வழுக்கியது. சில உடைந்தன. தேய்க்கத் தேய்க்க அவனுக்குள் என்னவோ ஏறிக்கொண்டே வந்தது. கால் மணி நேரம் கழித்து மணலை வாரி அடித்துவிட்டு எழுந்தான்.

“இந்த விதையைப் பத்தி இருநூத்திப் பதினாலு பக்கம் எழுதியிருக்கேன் நான்! அஞ்சு வருஷம்! என்னைய மணல்ல தேய்க்க வைக்கிறீங்க!”



அங்காளி கோபப்படவில்லை. அதுதான் ஆச்சரியம். ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“என்ன எழுதுனீங்க?”

“அது... உங்களுக்குப் புரியாது.”

“எனக்குப் புரியிற மாதிரி சொல்ல முடியலைன்னா அஞ்சு வருஷம் எங்க போச்சு?”

சங்கிலி ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதுவரை யாரும் அவனிடம் இதைத் தமிழில் கேட்டதில்லை.

“இதுக்கு ஒரு கதவு இருக்கு” என்றான் கடைசியில்.

“கதவா?”

“விதையோட தொப்புள் தெரியுதா? அதுக்குப் பக்கத்துல. கண்ணுக்குத் தெரியாது. மத்த இடமெல்லாம் கல்லு. தண்ணி நுழையாது. அந்த ஒரு இடம் மட்டும் திறக்கும். திறந்தா தண்ணி உள்ள போகும். போனா விதை முழிச்சுக்கும்.”

“மணல்ல தேய்ச்சா?”

“அது சுவத்தை இடிக்கிற மாதிரி. பாதி விதை உள்ள இருக்கிற ஆளோட சேந்து போயிடும். பாருங்க, எத்தனை உடைஞ்சிருக்கு. கதவைத் திறக்க வெந்நீர் போதும். கொதிக்கக் கூடாது. கை பொறுக்காத, வாய் பொறுக்கிற சூடு. ரெண்டு நிமிஷம். தானா திறந்துக்கும்.”

பன்னிரண்டு வருஷமாக விதை விற்பவள் அந்த விதையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

“இதை யார்கிட்டச் சொன்னீங்க?”

“வைவா பரீட்சையில. கேள்வி கேட்ட மூணு பேர்கிட்ட.”

“அவங்க காட்டுல கொழுஞ்சி போட்டிருக்காங்களா?”

“அவங்களுக்குக் காடு இல்ல.”

அவள் எழுந்து போய் டீக்கடையிலிருந்து ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி வந்தாள். அவன் விரலை விட்டுப் பார்த்தான். ஆற வைத்தான். மறுபடி பார்த்தான். நூறு விதையை எண்ணிப் போட்டு, வாய்க்குள் நூற்றிருபது எண்ணி, எடுத்தான். ஈரத் துணியில் பத்துப் பத்தாக வரிசை பிடித்து வைத்துச் சுருட்டினான். அங்காளி அதை ஒரு பானைக்குள் நிறுத்தினாள்.

“இதுவும் முளைக்கலைன்னா?” என்றார் வெள்ளைக்கண்ணு.

“உங்க தலைப்பாகையைக் கழட்டி என்னையக் கட்டிப் போடுங்க பெரியப்பா. வெள்ளிக்கிழமை வாங்க.”

அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

திங்களும் செவ்வாயும் சங்கிலி வந்தான். ஏன் வந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை துணியில் தண்ணீர் தெளித்தான். மற்ற நேரம் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

சந்தை இல்லாத நாளில் விதைக்கடை வேறு மாதிரி இருக்கும். கதவிடுக்கு வழியாக வெயில் ஒரு கம்பு போல விழும். அதில் தூசு மிதக்கும். சாக்கு மணமும் வேப்பிலை மணமும் சேர்ந்து கண்ணைச் செருக வைக்கும். மூட்டை மூட்டையாக உறக்கம் அடுக்கி வைத்திருப்பது போலிருக்கும். காது கொடுத்தால் மூச்சுக் கூடக் கேட்கும் என்று தோன்றும்.

புதன்கிழமை மத்தியானம் அவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

ஒரு பெரிய மண்டபம். தரை முழுக்க ஈரத் துணி. அதில் அவன் வகுப்பு மொத்தமும் வரிசையாகப் படுத்திருக்கிறது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, நெற்றியை முழங்காலில் வைத்து, எல்லோரும் கறுத்த அங்கி போட்டிருக்கிறார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏகாம்பரம். செல்போன் கடை மாடசாமி. பார்சல் சுமக்கும் தில்லை. கல்யாணப் பத்திரிகையில் மட்டும் எம்.எஸ்சி. போட்டுக்கொண்ட குயிலி.

மேலே எங்கிருந்தோ ஒரு விரல் இறங்கி வருகிறது. ஒவ்வொருவர் முதுகையும் தொட்டு எண்ணுகிறது.

“உள்ளேன் ஐயா” என்கிறார்கள் ஒவ்வொருவரும், தூக்கம் கலையாமல்.

விரல் அவனையும் தொடுகிறது. குளிர்ச்சியாக இருக்கிறது. அவன் முதுகில் ஏதோ பிளந்து, மெல்ல, வலிக்காமல், வெள்ளையாக ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது. அத்தனை சந்தோஷம் அவனுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

அப்போது துணி சாய்கிறது.

விழித்துவிட்டான். அங்காளி சாக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கனவைச் சொன்னான்.

“துணி எந்தப் பக்கம் சாஞ்சுது?” என்றாள் ஊசியை நிறுத்தாமல்.

“தெரியல. முழிச்சிட்டேன்.”

“அப்ப மறுபடி தூங்குங்க.”

தூக்கம் வரவில்லை. வியாழனன்றும் தூக்கமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பானையிலிருந்து துணிச் சுருளை எடுத்தார்கள். சங்கிலி அதைத் தரையில் வைத்தான். பிரித்தான்.

துணி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கொக்கிகள். கல்லாகக் கிடந்ததெல்லாம் வாய் திறந்திருந்தது. அங்காளி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்தவர் யாரும் இன்றுவரை இல்லை.

“எண்ணுங்க” என்றாள்.

பத்து, இருபது, முப்பது. அவன் விரல் துணியில் நகர்ந்தது.

“தொண்ணூத்தொண்ணு.”

“நல்லா எண்ணுனீங்களா?”

“தொண்ணூத்தொண்ணேதான். தொண்ணூத்தொரு சதவீதம்.”

ஒரு காகிதத்தில் குறித்தான். தேதி போட்டான். அடியில் ஒரு கோடு இழுத்தான். அவ்வளவுதான், வேலை முடிந்தது என்கிற மாதிரி துணியை நாலு முனையும் சேர்த்துத் தூக்கினான். கடை ஓரத்துச் சாக்கடைப் பக்கம் போனான். துணியைச் சாய்த்தான்.

அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. இரும்புப் பிடி.

“என்ன பண்றீங்க?”

“எண்ணியாச்சே.”

“அதுக்கு?”

“கொட்டணும்ல? அடுத்த துணி வைக்கணும்னா...” அவன் குழம்பினான். “எங்க லேப்ல அப்படித்தான். எண்ணுவோம். குறிப்போம். கொட்டிடுவோம்.”

“அஞ்சு வருஷமுமா?”

“அஞ்சு வருஷமும்.”

“முளைச்சதையா?”

சங்கிலி துணியைப் பார்த்தான்.

அங்காளி பிடியை விடவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். வசவு வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. அவள் குரல் வெகு தணிவாக வந்தது.

“உங்களை எத்தனையாவதுன்னு எண்ணுனாங்க?”

பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியில் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்த, எண் எழுதிய சின்ன அட்டை அவனுக்கு ஞாபகம் வந்தது.

“நாப்பத்தேழு” என்றான்.

துணி இன்னும் சாய்ந்தபடியே இருந்தது. ஓரத்தில் ஒரு முளை, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மற்றொரு கையை மெல்லக் கொண்டுபோய் அதை ஏந்திக்கொண்டான்.

அங்காளி கடையின் பின்கதவைத் திறந்தாள்.

அங்கே ஒரு கீற்று நிலம் இருந்தது. ஒரு பாய் அகலம், இருபது பாய் நீளம். அதில் வரிசை கிடையாது, ஒழுங்கு கிடையாது. பருத்திக்குப் பக்கத்தில் மிளகாய். மிளகாய்க்குள் சோளம். சோளத்தில் ஏறின அவரை. கத்தரி, எள், ஒரு கொத்து நெல், யாரும் பெயர் சொல்ல முடியாத இரண்டு மூன்று பூக்கள். காலை வெயிலில் எல்லாம் சேர்ந்து அசைந்தன.

“இது என்ன தோட்டம்?”

“தோட்டமில்ல. விக்கிறதுக்கு முந்தி முளைக்கப் போட்டு இதுவரைக்கும் எண்ணினது” என்றாள் அங்காளி.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். விரலால் குழி பறித்தான். முதல் முளையை வைத்தான். எவ்வளவு ஆழம் என்று இருநூற்றுப் பதினாலு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. அங்காளி மேலே நின்று சொன்னாள்:

“அம்புட்டு ஆழம் வேணாம். மண்ணைப் போர்த்துங்க, புதைக்காதீங்க.”

முன்பக்கத்தில் மொபெட் சத்தம் கேட்டது. வெள்ளைக்கண்ணு வந்துவிட்டார். கல்லாவில் கிடந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கத்தினார்:

“தொண்ணூத்தொண்ணா! ஏத்தா, எங்கத்தா அந்தத் தம்பி? எங்க ஊருல நாப்பது வீட்டுக்காரன் கொழுஞ்சியை வச்சுக்கிட்டு முளைக்காதுன்னு உக்காந்திருக்கான். கையோட கூட்டிட்டுப் போறேன். வந்து கதவைத் திறந்துவிடட்டும்.”

அங்காளி முன்பக்கம் வந்து முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“கூட்டிட்டுப் போறீங்களா? சும்மாவா?”

“சும்மாவான்னா? மத்தியானம் சோறு போடுறோம்.”

“சோறா! உங்க மாட்டுக்கு வயித்தால போனா டாக்டர் வர்றாருல்ல? அவருக்கு என்ன குடுக்குறீங்க?”

“வண்டி அனுப்புவோம். காபி. அப்புறம் அவரு ஃபீஸு.”

“மாட்டு டாக்டருக்கு வண்டியும் ஃபீஸும். விதை டாக்டருக்கு வெறுஞ்சோறா? யோவ் பெரியப்பா, இருபத்திமூணு வருஷம் படிச்ச மனுசன்யா அவரு! தராசுல வச்சுப் பாத்திருக்கேன், ஒண்ணே கால் கிலோ! வீட்டுக்கு இவ்வளவுன்னு பேசுங்க. இல்லைன்னா உங்க நாப்பது வீடும் மணல்ல தேய்ங்க!”

“வீட்டுக்கு எவ்வளவுத்தா?”

“அப்படி வாங்க வழிக்கு.”

சத்தம் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

பின்னால், கீற்று நிலத்தில், அது தூரத்து இடி போலத்தான் கேட்டது. சங்கிலி ஐம்பத்தாறாவது முளையை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மண் கையோடு எடுத்தான்.

“சார், காலேஜ் ஆபீஸ்லருந்து பேசறேன். பி.எட். விண்ணப்பம் போட்டிருந்தீங்கல்ல? இன்னிக்கு அஞ்சு மணியோட முடிச்சிடுவோம்.”

“ம்.”

“உங்க ஃபாரத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு சார். அது நிரம்பாம உங்க பேரை ஏத்த முடியாது.”

“எந்தக் கட்டம்?”

“நாலாவது கட்டம். ‘எந்தப் பட்டம்’னு கேட்டிருக்கு. சொல்லுங்க சார், நானே எழுதிக்கறேன்.”

சங்கிலி விரலைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் ஈர மண். மேற்கே, சந்தைக் கொட்டகைகளுக்கு மேலே, முதல் மேகம் கறுத்து வந்துகொண்டிருந்தது.

“ஆடிப் பட்டம்” என்றான்.